டென்சில் சார் கை வைத்தால்

நம் கம்பெனியில் காபி நன்றாக இருக்கும். பாதிப் பெருமை முத்தம்மாவின் கைப்பக்குவத்துக்கு, மீதி பாலுக்கு.

பெங்களூரு பொம்மசந்திராவில் இத்தனை கம்பெனிகள் இருக்கின்றன. எங்கே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் முந்தாநாள் பிறந்தநாள் கேக்கும் யாரோ மறந்துபோன டிபன் பாக்ஸும்தான் இருக்கும். நம்முடையதைத் திறந்தால் கேன் கேனாகப் பசும்பால். கிராமத்துப் பால் சங்கங்களுக்கு மெஷின் செய்கிறவர்கள் நாம். விவசாயி கேனைத் தூக்கி வைத்தால் அது எடை போடும், கொழுப்பு அளக்கும், சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். அதைச் சோதிக்கத் தினமும் பால் வருகிறது. சோதித்தது செடிக்கு, மிச்சம் காபிக்கு.

உங்களுக்குத் தெரியாததில்லை, சிந்தியா மேடம். ஹெச்.ஆர். நீங்கள். ஆனால் ரெக்கார்டரை மேஜையில் வைத்துவிட்டு, "ஆரம்பத்துலருந்து சொல்லுங்க" என்றீர்கள். எனக்கு ஆரம்பம் காபிதான். முதலில் நீங்கள் குடியுங்கள். காலையிலேயே வாசலில் அட்டெண்டன்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன்.

பெயர் டென்சில் ஆரோக்கியராஜ். காக்ஸ் டவுன். நான்கு வருடமாக நீங்கள் என்னை டேனியல் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அதனால் ரெக்கார்டில் சரியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறியதில்லை. குடிப்பதில்லை. சீனியர் இன்ஜினியர்.

என்னுடைய கைராசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நம் முதலாளி கோவிந்தப்பா சாருக்கு ராகுகாலத்தில் எந்த சர்க்யூட் போர்டுக்கும் கரண்ட் கொடுக்கக் கூடாது. எமகண்டத்தில் ஈமெயில்கூட அனுப்ப மாட்டார். புது போர்டு வந்தால் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், அப்புறம் நான். "டென்சில், ஸ்வல்ப நீ கை வையப்பா," என்பார். நான் சுவிட்சைத் தட்டுவேன். போர்டு எழுந்திருக்கும். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பதும் என் பொறுப்புதான். ஒரு கத்தோலிக்கன் எப்படி என்று யாராவது கேட்டால், காய்கறி நறுக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்டதில்லை.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. படுத்துக்கொண்ட போர்டுகளில் பெரும்பாலானவை வயர் சரியாகச் சொருகாததால் படுத்தவை. என்னைக் கூப்பிட ஆள் வந்து, நான் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் எவனாவது வயரை ஒருதடவை அழுத்தியிருப்பான். அந்த நேரத்தில் நான் கை வைப்பேன். பெயர் எனக்கு வரும். அது எனக்கும் தெரியும். ஆனாலும், "டென்சில் சார் கை வச்சாலே போதும்" என்ற வார்த்தைக்கு ஒரு ருசி உண்டு மேடம். அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனது வரவில்லை.

அப்புறம் சங்கமித்ரா வந்தாள்.

மர்ஃபி டவுன் பெண். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். பௌத்தக் குடும்பம். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. "பூனை குறுக்கே வந்தா பூனைக்கு வழி விட்டுட்டுப் போவோம் சார், அதுக்கு என்ன அவசரமோ," என்று அவளே சொல்வாள். வந்த முதல் வாரம் கோவிந்தப்பா சார், ராகுகாலம் முடியட்டும், பிறகு போர்டை ஆன் செய் என்றதற்கு, "போர்டுக்கு வாட்ச் இல்லை சார்," என்றாள். லேப் மொத்தமும் சிரித்தது. கோவிந்தப்பா சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே புதுத் திரைக்கு டிரைவர் எழுதி முடித்துவிட்டாள். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. புதிதாக ஒரு உறுப்பைப் பொருத்தினால் மெஷினுக்கு அதனோடு பேசத் தெரியாது. பேசக் கற்றுக்கொடுக்கிற சின்ன நிரலைத்தான் டிரைவர் என்கிறோம். அதை எழுதி, மெஷினின் மொத்த மென்பொருளோடு சேர்த்து மறுபடி கட்ட வேண்டும். அந்தக் கட்டுதான் பில்ட். ஒரு இடத்தில் பிசகினால் மொத்தமும் படுத்துவிடும். அனுபவஸ்தர்களே அங்கும் இங்கும் கேட்டுக் கேட்டுத்தான் செய்வார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. சந்தனமும் வைக்கவில்லை. ராகுகாலத்தில் ஆன் செய்தாள். திரை பளிச்சென்று எரிந்தது.

அந்த வாரம் என்னை யாரும் கூப்பிடவில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஒரு மத்தியானம் அவள் மேஜையில் போர்டு எழுந்திருக்க மறுத்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய், "நீ கீழே போய் ஒரு காபி குடிச்சிட்டு வாம்மா," என்றேன். அவள் படியிறங்கியதும் பார்த்தேன். அடாப்டர் பழசு, போர்டுக்கு வேண்டிய கரண்ட் வரவில்லை. என்னுடையதை மாற்றினேன். எழுந்துவிட்டது. திரும்பி வந்தவள் கண்ணை விரித்தாள்.

"என்ன சார் பண்ணீங்க?"

அடாப்டர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் பக்கத்து மேஜை விக்கி முந்திக்கொண்டான். "டென்சில் சார் கை மித்ரா அது. கேள்வி கேக்காத. கும்பிட்டுக்கோ."

அவள் கை கூப்பினாள். விளையாட்டாகத்தான். "அப்ப அந்தக் கையை எனக்கும் ஒரு நாள் வாடகைக்கு விடுங்க சார்."

நான் பழைய அடாப்டரை என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு இரவு நல்ல தூக்கம். அவ்வளவுதான் அன்று நடந்தது. அதைக் குற்றம் என்று நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சில வாரம் கழித்து எடை பார்க்கிற சிப் மாறியது. பழையது சந்தையில் கிடைக்கவில்லை, வேறொரு கம்பெனியின் சிப். அதற்கு டிரைவர் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. நான் மிகவும் ஒழுங்காகச் செய்தேன். இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள், அந்த டிரைவரில் ஒரு வரி குறை சொல்ல முடியாது.

ஒரு சின்ன நுணுக்கம் சொல்கிறேன். மெஷின் எழுந்திருக்கும்போது எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் தயாராக இருக்காது. அப்படி இல்லாதபோது டிரைவர், "இப்போ இல்லை, அப்புறம் வா," என்று பதில் சொல்லலாம். மெஷின் கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்து கேட்கும். இது பிழையே இல்லை. ஊரிலுள்ள எல்லா டிரைவரும் சொல்கிற பதில்தான். திரையில் 'காத்திருக்கவும்' என்று வரும். யாருக்கும் சந்தேகம் வராது.

நான் செய்தது, அப்புறம் வா என்று சொல்ல இன்னொரு காரணத்தைச் சேர்த்தது மட்டும்தான்.

மெஷின் எழும்போது சீட்டு அச்சடிக்கும் பிரிண்டரை புளூடூத்தில் தேடும். அந்தத் தேடல் நிரல் பல வருடத்துக்கு முன்னால் நான் எழுதியது, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடுகிற இடத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அங்கே ஒரு ஏழெட்டு வரி. பிரிண்டரைத் தேடுகிற சாக்கில் ஒரு குறிப்பிட்ட போனையும் மெல்லக் கூப்பிட்டுப் பார்க்கும். புளூடூத் போட்டு வைத்திருக்கிற போன், தெரிந்தவர் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்று வாயைத் திறந்துவிடும். உடையவருக்கே தெரியாது. அப்படிப் பதில் வந்தால், எடை சிப்பின் டிரைவர், "அப்புறம் வா" என்று சொல்லும். போன் அங்கிருந்து நகரும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்தப் போன் சங்கமித்ராவுடையது. ஒருதடவை பிரிண்டரைச் சோதிக்க என்னிடம் கொடுத்திருந்தாள். காதில் எப்போதும் பாட்டு கேட்கிற பெண், புளூடூத்தை அணைப்பதே இல்லை.

முகம் சுளிக்காதீர்கள் மேடம். நியாயமாக யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓடுகிற பெண். இந்த வயதில் இவ்வளவு வேகம் ஆகாது. யாராவது ஒரு அடி நிதானிக்க வைக்க வேண்டும். கை நீட்டித் தடுத்தால் கோபம் வரும். மெஷின் தடுத்தால் பணிவு வரும். ஒரு அண்ணன் ஸ்தானத்தில் இருந்து செய்தேன் என்றுதான் சொல்வேன்.

பலன் உடனே தெரிந்தது. அவள் மேஜையில் ஒரு போர்டும் எழவில்லை. விக்கி வந்து ஆன் செய்து கொடுக்கப் பார்த்தான். அவள் பக்கத்தில் நின்றாள், எழவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனதும் முதலில், "நீ ஒரு காபி குடிச்சிட்டு வாம்மா," என்பேன். கேன்டீன் கீழே, தூரம். போனும் அவளோடு போய்விடும். அப்புறம் கை வைப்பேன். திரை எரியும். லேப்பில் கை தட்டுவார்கள்.

அந்த நாட்களில் அவள் நிறையக் காபி குடித்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, சுலபத்தில் விடுகிற பெண் இல்லை. டிரைவரை வரிவரியாகப் படித்தாள். சிப்பின் விவரப் புத்தகத்தை மனப்பாடம் செய்தாள். "சார், இது 'அப்புறம் வா'ன்னு சொல்றது தெரியுது. ஏன் என்கிட்ட மட்டும் சொல்லுதுன்னுதான் தெரியலை," என்றாள். "மெஷினுக்கும் மனசு உண்டும்மா," என்றேன். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் சிரிப்பு பாக்கி இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

லேப்பில் பேச்சு ஆரம்பித்தது. நான் ஆரம்பிக்கவில்லை. "மித்ரா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போ, நான் பூட் பண்ணணும்," என்று ஒருவன். "டெலிவரி போர்டு மா, தொடாத," என்று இன்னொருவன். கோவிந்தப்பா சார் கெட்டவர் இல்லை, அவர் தன்மையாகத்தான் சொன்னார்: "பேஜார் பண்ணிக்காதம்மா. சில பேருக்கு அப்படித்தான். நீ எழுதிக் குடு, தொடாத. தொடுறதுக்கு டென்சில் இருக்கான்."

அதற்குப் பிறகு அவள் லேப்புக்குள் வரும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி. ஒரு நாள் மேஜை டிராயரில் எலுமிச்சம்பழம் பார்த்தேன். அவள் டிராயரில். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு டக்கென்று மூடினாள்.

வீட்டில் சொல்லியிருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "தொடாதேன்னா சொன்னாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அப்புறம் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டாராம். இதை அவள் முத்தம்மாவிடம் சொல்ல, முத்தம்மா என்னிடம் சொன்னாள். அந்த மனிதருக்கு அந்த வார்த்தை ஏன் அப்படிச் சுட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மெஷினைத்தானே தொடாதே என்றோம்.

அவளுடைய புரொபேஷன் முடிகிற நேரம் வந்தது. வேலையை நிரந்தரம் செய்யலாமா என்று உங்கள் ஆபீஸிலிருந்து என்னிடம் கருத்துக் கேட்டீர்கள். நான் உண்மையைத்தான் எழுதினேன்: நல்ல பெண், அறிவு உண்டு, ஆனால் மெஷின் அவள் கைக்குப் பழகவில்லை, இன்னும் கொஞ்ச நாள் என் பார்வையில் இருக்கட்டும். நீங்கள் நீட்டித்தீர்கள். இன்னொருமுறை நீட்டிப்பது கிடையாது, அடுத்தது வீட்டுக்குத்தான் என்று விதி. அந்த விதி நான் எழுதியதில்லை.

இந்த நேரத்தில்தான் முத்தம்மா தன் போனைப் பால் கேனுக்குள் போட்டாள்.

காபிக்குப் பால் மொள்ளக் குனிந்திருக்கிறாள், ஜாக்கெட்டில் செருகியிருந்தது நழுவி உள்ளே போய்விட்டது. எடுத்து அரிசிக்குள் புதைத்து வைத்தார்கள். பால் வாசனையோடு செத்துவிட்டது. சங்கமித்ரா அன்றைக்குத்தான் புதுப் போன் வாங்கியிருந்தாள். பழையதை முத்தம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். மஞ்சள் உறை போட்ட போன். முத்தம்மா அதைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், இனிமேல் பாலில் விழாது என்று. அதில் புளூடூத் என்று ஒன்று ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. முத்தம்மாவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. துடைப்பத்தோடு வருகிறவர்களை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

எனக்குத் தெரிந்ததெல்லாம், சங்கமித்ராவிடம் மெஷின்கள் திடீரென்று ஒழுங்காக எழ ஆரம்பித்துவிட்டன என்பதுதான். விக்கி, "ராசி மாறிடுச்சு போலயே மித்ரா," என்று கிண்டல் செய்தான். அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

என் வரிகள் ஏன் வேலை செய்யவில்லை என்று பில்டைத் திறந்து பார்த்து நான் உடனே திருத்தியிருக்கலாம். ஆனால் அத்திபெலே பால் சங்கத்தில் டெமோ வைத்திருந்ததால் கோவிந்தப்பா சார் பில்டைப் பூட்டிவிட்டார். ஒரு வரி மாற்றக் கூடாது. நான்கு பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். மெஷின் பிடித்துவிட்டால் சுற்றுவட்டாரச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் நாம்தான். சங்கமித்ரா அவரிடம் தனியாக ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம், எனக்குப் பிற்பாடுதான் தெரியும். "சார், முத்தம்மா அக்கா லேப்பைத் துடைக்க வந்தா போர்டு எந்திரிக்க மாட்டேங்குது, கவனிச்சீங்களா?" என்றாளாம். "அதெல்லாம் டெமோ முடிஞ்சு பேசலாம்மா. நீ அன்னிக்கு ஆபீஸ்லயே இரு. அந்தப் பக்கமே வராத," என்றாராம் அவர். டெமோவில் மெஷின் சொதப்பினால் பழி யார் தலையில் விழும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் வேலையும் அதோடு போய்விடும்.

காலையில் வேனில் போனோம். கோவிந்தப்பா சார், நான், விக்கி, அப்புறம் பூஜைத் தட்டும் காபி ஃப்ளாஸ்க்குமாக முத்தம்மா. சங்கத்து வாசலில் வரிசையாகக் கேன்கள், கேன்களுக்குப் பின்னால் ஆட்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சங்கமித்ரா நின்றிருந்தாள். சொல்லியும் கேட்காமல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கை பின்னால் கட்டியிருந்தது.

கற்பூரம் காட்டினார்கள். கோவிந்தப்பா சார் என் முதுகைத் தட்டினார். நான் சுவிட்சைத் தட்டினேன்.

காத்திருக்கவும்.

அணைத்துவிட்டு மறுபடி. காத்திருக்கவும்.

"சார், ரெண்டு கையும் வைங்க சார்," என்றான் விக்கி. வைத்தேன். காத்திருக்கவும்.

வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "இது எந்திரிக்கறதுக்குள்ள பாலு தயிராயிடும், அப்ப தயிர எடை போடுமா?" என்றாள். அதிகாரிகள் சிரித்தார்கள். கோவிந்தப்பா சாரின் கழுத்து வியர்த்துவிட்டது. "ஏனாய்த்தோ, என்ன ஆச்சு டென்சில்?" என்றார். அந்தக் குரலில் என்னை அவர் அதுவரை கூப்பிட்டதே இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். என் தோளுக்குப் பக்கத்தில் முத்தம்மா. கழுத்தில் துணிப்பை. பையின் வாயில் மஞ்சள் உறை.

எனக்குக் காரணம் புரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதும் புரிந்தது. போன் பத்திருபது அடி தள்ளிப் போக வேண்டும். அதற்காகத்தான், வேறெதற்கும் இல்லை, கோவிந்தப்பா சாரின் காதில் சொன்னேன்: "முத்தம்மா கொஞ்சம் தள்ளி நின்னா நல்லது சார். நல்ல காரியம் ஆரம்பிக்கிற இடம்."

முத்தம்மாவின் புருஷன் இறந்து வருடக்கணக்காகிறது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. அவராகப் புரிந்துகொண்டார். "முத்தம்மா, நீ ரோட்டுப் பக்கம் போய் நில்லு. போ, போ."

முத்தம்மா நகராமல் நின்றாள். "ஏன் சார், வீட்ல ரெண்டு மாடு வச்சிருக்கேன். தெனம் என் கையாலதான் கறக்கறேன். அதுங்களே ஒதைக்கல. இந்த டப்பாவுக்கு என்னா வந்துச்சு?"

"வாதம் பண்ணாத. போ."

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். ரோட்டை அடைந்தாள். நான் கை வைத்தேன். மெஷின் எழுந்தது. முதல் கேன் எடை போட்டு, சீட்டு வந்து, எல்லோரும் கை தட்டினார்கள். "நோடி! பாத்தீங்களா?" என்று அதிகாரிகளிடம் பூரித்தார் கோவிந்தப்பா சார். அப்புறம் விக்கியிடம், "இனிமே அவளை லேப்ல விடாத. வேற ஆள் பாரு," என்றார். ரோட்டில் இருந்தவளுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

மேடம், அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். திறந்தேன். "எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான் தோணுது சார்," என்றேன்.

வேலிக் கதவு திறந்த சத்தம் கேட்டது.

சங்கமித்ரா நேராக வந்தாள். விக்கி பதறி, "ஏய், தொடாத!" என்றான். "நான் தொடலை," என்றாள். கை பின்னாலேயே இருந்தது. "ஒருதடவை அணைச்சுட்டு மறுபடி போடுங்க விக்கி. அக்கா, நீங்க வாங்க. அந்தப் போனை மட்டும் அங்க டீக்கடையில குடுத்துட்டு வாங்க."

முத்தம்மா போனைக் கடையில் விட்டுவிட்டு வந்து மெஷினை ஒட்டி நின்றாள். இன்னும் கொஞ்சம் ஒட்டி, வேண்டுமென்றே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. விக்கி சுவிட்சைத் தட்டினான். மெஷின் எழுந்தது.

சங்கமித்ரா தானே போய் டீக்கடையிலிருந்து போனை எடுத்து வந்தாள். கோவிந்தப்பா சாரிடம் கொடுப்பாள் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் உங்க பாக்கெட்ல வச்சுக்கோங்க சார். வச்சுட்டு உங்க ராசியான கையால நீங்களே போடுங்க."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். இத்தனை பேருக்கு முன்னால் ஒரு போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வைத்துக்கொண்டேன். சுவிட்சைத் தட்டினேன்.

காத்திருக்கவும்.

"சார் பொண்டாட்டி செத்துட்டாங்களா?" என்று வரிசையில் அந்த அம்மாள் கேட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொல்ல அது நேரமில்லை.

"இப்போ புளூடூத்தை மட்டும் அணைங்க சார்," என்றாள் சங்கமித்ரா. அணைத்தேன். கொஞ்சம் பொறுத்து, திரை எரிந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எப்போலருந்து சார்?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "எடை சிப் மாத்தினதுலருந்து," என்றேன்.

அவள் உதடு அசைந்தது. குடித்த காபியை எண்ணிப் பார்த்தாளோ என்னவோ. பிறகு பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து முன்னால் கொண்டுவந்தாள், மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள், அடுத்த கேனைத் தானே தூக்கி மெஷினில் வைத்தாள். எடை வந்தது. சீட்டு வந்தது. அதைக் கிழித்து அந்த அம்மாளிடம் கொடுத்தாள். "முத்தம்மா அக்கா, காபி குடுங்க எல்லாருக்கும்," என்றாள். எனக்குக் கிடைக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அவளுடைய வேலையை நிரந்தரம் செய்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். முத்தம்மாவிடம் கோவிந்தப்பா சார் மன்னிப்புக் கேட்டாராம், அதுவும் சந்தோஷம். பால் மெஷினிலிருந்து என் வரிகளைச் சங்கமித்ராவே எடுத்துவிட்டாளாம். சுத்தமாக எடுத்திருப்பாள். யார் பயிற்சி கொடுத்தது?

ஆமாம், செய்தது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் 'தீய நோக்கத்தோடு' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. கூப்பிட்டால் போவேன், உதவி செய்வேன். அதற்கு யாராவது கூப்பிட வேண்டும், இல்லையா?

இன்று காலையே எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை முடிகிறவரை ரிசப்ஷனில் உட்காரச் சொல்லியிருந்தீர்கள். உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள், அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு முகத்தைக் காட்டினீர்கள், மறுபடி காட்டினீர்கள். அது விழிக்கவே இல்லை. இரண்டு வாரமாக உங்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை. மற்றவர்களெல்லாம் வந்த வேகத்தில் போகிறார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பினீர்கள். நான், "மேடம், நீங்க உள்ளே போய் ஒரு காபி சொல்லிட்டு வாங்க," என்றேன். போனீர்கள். காதில் அந்தச் சின்ன வெள்ளை இயர்போனோடு. மீட்டிங் ரூம் ஸ்பீக்கரோடு உங்கள் போனை இணைத்துக் கொடுத்தது நான்தான், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் திரும்பி வருவதற்குள் மெஷின் விழித்துவிட்டிருந்தது.

வாசல் மெஷினும் நம் தயாரிப்புதான் மேடம். எடைக்குப் பதில் கேமரா, மற்றபடி அதே பில்ட். அதை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

"தேங்க்யூ டென்சில், உங்க கை ராசியான கைதான்," என்றீர்கள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சரியாகச் சொன்னீர்கள்.

ரெக்கார்டரை ஏன் நிறுத்துகிறீர்கள்? நாளைக் காலையும் நான் ரிசப்ஷனில்தான் இருப்பேன். தயங்காமல் கூப்பிடுங்கள்.